ஏழாவது ஆள்

போன மாதம் மல்லாங்கிணறில் ஒரு காதுகுத்து. என் நண்பன் தனபாலின் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். "காரில் பேச்சுத்துணைக்கு ஆள் வேணும், நீயும் வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குத் தனபாலை அறிமுகப்படுத்திவிடுகிறேன். சிவகாசியில் அப்பா காலத்திலிருந்து அச்சகம் நடத்துகிறவன். வயது அறுபத்து மூன்று. பந்தியில் உட்கார்ந்துவிட்டால் கூரையே இடிந்து விழுந்தாலும் மோர் ஊற்றாமல் எழுந்திருக்க மாட்டான். இலைக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்பான்.

அப்பேர்ப்பட்டவன் அன்றைக்குப் பாதிக் கறிச்சோற்றில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டான்.

நெஞ்சுவலியோ என்னவோ என்று பதறி, எச்சில் கையோடு பின்னால் ஓடினேன். வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"உள்ள சுவத்துல என்ன மாட்டிருக்குன்னு பாத்தியா மாப்ள?" என்றான்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். பிரேம் போட்ட பழைய படம் ஒன்று. பழுப்பு நிறப் பாறை. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் குச்சி மனிதர்கள் கைகோத்து ஆடுகிறார்கள். காது குத்திய குழந்தையின் அக்கா, ஐந்து வயது இருக்கும், நாற்காலியில் ஏறி நின்று கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"…அஞ்சு, ஆறு, ஏழு! அத்தே, கடைசி ஆளு நொண்டி விளாடுறான்!"

வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். "எங்கய்யா காலத்துக் காலண்டர் சார். தேதியெல்லாம் கிழிஞ்சு போச்சு. எல்லாரும் கைகோத்து நிக்காகள்ல, வீட்டுக்கு நல்லதுன்னு படத்தை மட்டும் பிரேம் போட்டுட்டோம்."

அவருக்கு எங்கே தெரியும்? அந்தக் காலண்டரை அடித்ததே வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற தனபால்தான் என்று? அந்த ஏழு பேரில் ஒருவனை ஒழித்துக்கட்டிவிட்டதாக முப்பது வருஷத்துக்கு மேல் இவன் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறான் என்று?

இருங்கள், இருங்கள்… போலீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தனபாலின் அப்பா நடத்திய அச்சகத்தில் நான் புரூப் ரீடர். தினமும் ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். 'அமாவாசை' ஒரு நாள் தள்ளி விழுந்துவிடாமல் பார்ப்பதும், 'திருநீறு' 'திருநீர்' ஆகிவிடாமல் காப்பதும் என் பொறுப்பு.

காலண்டர் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. தைப்பொங்கலோடு சீசன் முடியும். முடிந்த கையோடு அடுத்த வருஷத்து டிசைனைத் தேடத் தொடங்கிவிட வேண்டும். ஆடிப்பெருக்கன்று சாம்பிள் ஆல்பம் ஏஜெண்டுகள் கையில் இருந்தாக வேண்டும். என்ன பெரிய டிசைன்? முருகன், லட்சுமி, தவழுகிற குழந்தை, காஷ்மீர் பனிமலை… திரும்பத் திரும்ப அதேதான்.

தனபாலுக்கு அலுத்துவிட்டது.

"எத்தன வருசத்துக்குலே காஷ்மீரையே அடிச்சிக்கிட்டு இருக்குறது? மேக்கால திரும்புனா நம்ம மலை நிக்கிது. அதை ஒரு பய அடிக்கல."

மேலே, எப்போதும் மேகம் மூடிக் கிடக்கிற காட்டுக்குள், ஒரு பாறையில் ஆதிமனிதன் வரைந்த படம் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் போட்டோ எடுத்துக் காலண்டர் போடுவது என்று முடிவு செய்தான். எந்த மலை, எந்தப் பாறை என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் அச்சகத்தில் இன்னொருவனும் இருந்தான். வேலுச்சாமி. டச்சிங் ஆர்ட்டிஸ்ட். எந்தப் போட்டோவும் நேராக அச்சுக்குப் போகாது, முதலில் வேலுவின் மேஜைக்குத்தான் வரும். சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கீறலை மறைப்பான், லட்சுமிக்கு உதட்டுச் சிவப்பை ஏற்றுவான், மொட்டை வானத்தில் நாலு மேகம் போடுவான். எங்களைவிட நாலு வயது மூத்தவன். ஆனாலும் தனபாலைச் 'சின்ன மொதலாளி' என்றுதான் கூப்பிடுவான். சிறு வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவன். வாழ்க்கையில் ஒரு மலை ஏறியதில்லை. ஆனால் இமயமலையைப் பல தடவை சரிபண்ணி அனுப்பியிருக்கிறான்.

வேலுவும் மலைக்கு வருகிறேன் என்றான். புதுசாகக் கேன்வாஸ் ஷூகூட வாங்கி வைத்திருந்தான். இந்தக் காலோடு எங்கே என்று விட்டுவிட்டுப் போனோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, சிரித்துக்கொண்டே கையாட்டி அனுப்பினான். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு இருபத்தைந்து வயது ஆகிவிடுகிறது!

மலையடிவாரத்தில் தேன் எடுக்கிற ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்தோம். எங்கள் காலில் ரப்பர் செருப்பு. தோளில் கேமரா, ஸ்டாண்டு, புளிச்சோறு. குளிருக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக் குடிக்கலாம் என்று தூள், பாத்திரம் எல்லாம் எடுத்துப் போயிருந்தோம். மேலே போய்க் கல்லைக் கூட்டி, சுள்ளி அடுக்கி முடித்த பிறகு நான் தனபாலைப் பார்த்தேன். தனபால் என்னைப் பார்த்தான். ரெண்டு பேரிடமும் தீப்பெட்டி இல்லை.

ஊர்ப்பழக்கம் ஐயா! பட்டாசு மருந்து நடமாடுகிற ஊரில், சட்டைப்பையில் தீப்பெட்டி வைக்காமலே வளர்ந்துவிட்டோம். ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற சிவகாசிக்காரர்கள், காட்டில் வழிகாட்டியிடம் குச்சி கடன் கேட்டு நின்றோம். அவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்குகூட எட்டிப் பார்த்தது.

மேகக்காடு எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆளுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்களுக்கு மேகம் என்றால் தலைக்கு மேலே வந்து, ஆசை காட்டி, பெய்யாமல் பக்கத்து ஜில்லாவுக்குப் போய்விடுகிற ஒன்று. அங்கே மேகம் தரையில் நடந்து வருகிறது. மரங்கள் எல்லாம் பாசி பிடித்துப் பச்சைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. மழை இல்லை, ஆனால் இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. அவன் இருமினால்தான் இருக்கிறான் என்றே தெரிகிறது.

முதல் மேகம் வந்து எங்களை மூடியபோது தனபால் என்ன கத்தினான் தெரியுமா?

"ஏலே, பேப்பர் நனைஞ்சிரும்!"

அச்சகக்காரன் புத்தி அம்புட்டுதான். ரெண்டு பேரும் அந்த ஈரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த மாதிரிச் சிரிப்பு அப்புறம் வாழ்க்கையில் எத்தனை தடவை வந்திருக்கும்? ஒரு கை விரல் போதும் என்று நினைக்கிறேன்.

மத்தியான வாக்கில் பாறையை அடைந்தோம். படம் இருந்தது. ஆனால் மங்கல். கண்ணுக்கே சரியாகத் தெரியாதது போட்டோவில் எப்படி விழும்?

தனபாலுக்குத் தொழில் மூளை வேலை செய்தது. ஆப்செட் மிஷினில் பிளேட்டை ஈரப்பஞ்சால் துடைப்பது எங்களுக்கு அன்றாட வழக்கம். "ஈரம் பட்டா எந்திரிச்சிரும் பாரு" என்று தோளில் கிடந்த துண்டை ஓடையில் நனைத்து வந்து, பாறையைத் துடைத்தான். நெசமாகவே எழுந்து நின்றார்கள்… கைகோத்தபடி, பளிச்சென்று.

வழிகாட்டி மட்டும் முகத்தைச் சுளித்தார். "அவங்க பாட்டுக்கு நிக்கிறாங்க. அவங்களை எதுக்குக் குளிப்பாட்டுறீங்க?" என்றார்.

நாங்கள் காதில் வாங்கவில்லை. நாலைந்து ஸ்நாப் எடுப்பதற்குள் மேகம் மறுபடி வந்து மூடிவிட்டது. இறங்கிவிட்டோம். வழியில் தனபால் துண்டைப் பிழிந்தபோது தண்ணீர் சுண்ணாம்பாக வெளுத்து ஓடியதை ரெண்டு பேரும் பார்த்தோம்.

பாறையில் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணினோமா? இல்லை. யாருக்குத் தோன்றும்?

போட்டோவை வேலு மேஜையில் வைத்து, "இதுல நீ ஒண்ணும் தொடாத வேலு, கீறலை மட்டும் எடு. அப்படியே இருக்கணும்" என்றான் தனபால். "சரிங்க மொதலாளி" என்றான் வேலு. படம் ஆல்பத்தில் ஏறியது. ஏஜெண்டுகள் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கடை விளம்பரத்துக்குப் பேய்ப்படமா?" என்று கேட்டார்கள். மல்லாங்கிணறு ரைஸ் மில்காரர் ஒருவர் மட்டும் ஆர்டர் கொடுத்தார். அதோடு அந்த டிசைன் செத்தது.

அப்புறம் சில வருஷம் கழித்து ஒரு நாள், தனபால் ஒரு சிறுபத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். மலை ஏறி அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் அதில் எழுதியிருந்தார். கைகோத்து ஆடும் ஆறு மனிதர்கள் என்று.

"ஆறு" என்றான் தனபால். மற்றொரு கையிலிருந்த காலண்டரை விரித்தான். "எண்ணு."

எண்ணினேன். ஏழு.

"ஊற ஊறத் தொடச்சேன்ல மாப்ள… ஈரத்துல ஊறி, வெயில்ல காஞ்சு, உதிந்துட்டான். எத்தன தலைமொற பாத்து நின்னவனோ. அரை நிமிசத்துல அழிச்சிட்டேன்."

மூல பிலிமைத் தேடினோம். குடோனில் மழைத்தண்ணீர் புகுந்த வருஷத்தில் மொத்தமாகக் கூழாகிவிட்டிருந்தது. வேலுவைக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? அவன் அதற்குள் வேலையை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போர்டு எழுதப் போய்விட்டான். தவிரவும், தொடாதே என்றால் தொடாதவன் வேலு. அந்தப் பக்கம் எங்கள் புத்தி போகவே இல்லை. துண்டில் வெள்ளை வந்ததைத்தான் கண்ணால் பார்த்திருந்தோமே!

அன்றிலிருந்து தனபால் அந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போனால் மேற்குப் பக்க ஜன்னலில் உட்கார மாட்டான். நான் கேலி பண்ணியிருக்கிறேன். அவன் சிரித்ததில்லை.

இப்போது மல்லாங்கிணறு வேப்பமரத்தடிக்கு வாருங்கள்.

"மாப்ள, ஒருக்கா போயிட்டு வந்துருவோம். அவன் நின்ன எடத்துலயாச்சும் ஒரு மன்னிப்பு கேட்டுரணும். இல்லாட்டி என் கட்ட வேகாது" என்றான்.

"இந்த வயசுலயா?"

"இன்னும் பத்து வருசம் போனா நீ ஓடி ஏறுவியாக்கும்?"

மறுபடி உள்ளே போய், அந்தப் பிரேம் போட்ட படத்தை என் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.

போன புதன்கிழமை போனோம். என் முட்டியிடம் 'பக்கத்துலதான்' என்று பொய் சொல்லித்தான் கூட்டிப் போனேன். முறையாக அனுமதி வாங்கி, வனத்துறைக் காவலர் ஒருவர் கூட வந்தார். இந்தத் தடவை ஷூ உண்டு, அட்டை கடிக்காமல் இருக்க மேலே உறை உண்டு, பாதிவழியில் உட்கார நாலு இடத்தில் கெஞ்சலும் உண்டு. தீப்பெட்டி மட்டும் இந்தத் தடவையும் இல்லை. காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதாம். பரவாயில்லை, எங்களுக்குப் பழக்கம்தான்.

பாறைக்குக் கொஞ்சம் கீழே காவலர் எங்களை நிறுத்தினார். "தண்ணி பாட்டிலை இங்கனயே வச்சிட்டு வாங்க. வர்றவுக எல்லாம் படம் பளிச்சுன்னு தெரியணும்னு தண்ணியை ஊத்தி ஊத்தியே பாதியைக் கெடுத்துட்டாக. எந்தப் புண்ணியவான் ஆரம்பிச்சு வச்சானோ" என்றார்.

தனபால் தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான். எந்தப் பாறை என்று உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

மேகம் விலகக் காத்திருந்தோம். விலகியது.

"நீ எண்ணு. எனக்குக் கண்ணு தெரியல" என்றான் தனபால். கண்ணாடி போட்டிருந்தான். பிரச்சினை கண்ணில் இல்லை.

எண்ணினேன். ஆறு. செல்போனில் படத்தை எடுத்து வைத்து, இங்கும் அங்குமாக ஒவ்வொருவராகச் சரிபார்த்தேன். அஞ்சு பேர் வரைக்கும் அச்சு அசல். ஆறாவது ஆளிடம் வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். காலண்டரில் அவன் வலதுகை ஏழாவது ஆளின் கையைப் பிடித்திருக்கிறது. பாறையில் அந்தக் கை யாரையும் பிடிக்கவில்லை. ஒரு கம்பை ஊன்றி நிற்கிறது. அந்தக் கம்புக்கு அந்தப் பக்கம்…

"தனபாலு, இங்கன வா" என்றேன். "தொடச்சு அழிக்கிறதுக்குப் பாறை வேணும்ல? இங்கன பாறையே இல்லையே!"

ஆமாம். ஆறாவது ஆளோடு பாறை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெறும் பள்ளம். பள்ளம் நிறைய மேகம். ஏழாவதாக ஒருவன் நிற்க அங்கே இடமே கிடையாது, எந்தக் காலத்திலும்.

தனபால் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "நான் யாரையும் அழிக்கல மாப்ள… நான் அழிக்கல" என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். காவலர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷப் பாரம்!

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு பேரும் முன்பு பார்த்ததைவிட ரொம்பவே வெளுத்திருந்தார்கள். அதில் எங்கள் துண்டுக்கும் பங்கு உண்டு. அந்தப் பாவம் எங்கள் கணக்கில்தான் இருக்கிறது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, தனபால் செல்போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்ப இந்த நொண்டி அடிக்கிறவன் யாரு?"

கேட்டுவிட்டு அவனே நிமிர்ந்தான். ரெண்டு பேர் முகத்திலும் ஒரே பெயர்தான் இருந்திருக்க வேண்டும்.

வேலு இப்போது ஊர் திரும்பி, சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறான். நேராக அங்கேதான் போனோம். கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

"வாங்க மொதலாளி! வாங்க எழுத்தாளரே! சாப்பிட்டீகளா?"

தனபால் செல்போனை நீட்டினான். வேலு கண்ணாடியைத் தேடி மாட்டி, படத்தைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்க ஆரம்பித்தான்.

"கண்டுபிடிச்சிட்டீகளா? இம்புட்டு வருசம் ஆச்சா?"

"நீ போட்டதா வேலு? ஏன் சொல்லல?"

"நீங்க எண்ணுவீகன்னு நெனச்சேன் மொதலாளி. எண்ணுனா திட்டுவீக, திட்டுனா அழிச்சிருவோம்னு இருந்தேன். நீங்க எண்ணல. சரி, புரூப் பாக்குறவராச்சும் எண்ணுவாருன்னு பாத்தேன். அவரு கீழ இருந்த அமாவாசையத்தான் பாத்தாரு."

நான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். "தொடாதன்னு சொன்ன படத்தை ஏன் தொட்ட?" என்றும் கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நீங்க ஒண்ணு சொன்னீக. ஞாபகம் இருக்கா எழுத்தாளரே?"

இல்லை. சத்தியமாக இல்லை.

"'மலையில ஒன்னையத் தூக்குறதா, கேமராவத் தூக்குறதா'ன்னு கேட்டீக. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். வீட்டுக்குப் போயி ஷூவைக் கழத்திப் பரண்ல வச்சேன். அப்புறம் போட்டோ வந்துச்சா… கடைசி ஆளுக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளையாக் கெடந்துச்சு. எதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் சிரமம்னு, பாறையக் கொஞ்சம் நீட்டி வரஞ்சு, நானே போயிக்கிட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது. ஒரு ஜோக்கைச் சொன்னவன் அடுத்த பஸ் ஸ்டாப்பில் மறந்துவிட்டேன். கேட்டவன் முப்பத்தெட்டு வருஷம் வைத்திருந்திருக்கிறான்.

தனபால் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சிரு வேலு" என்றான். பாறையிடம் கேட்பதற்காக எடுத்துப்போன மன்னிப்பு அது.

"அட, விடுங்க மொதலாளி. காபி ஆறுது, குடிங்க" என்ற வேலு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் நின்ன எடம் எப்படி இருந்துச்சு?"

தனபால் என்னைப் பார்த்தான். பிறகு உள்ளதைச் சொன்னான். "அங்கன பாறை இல்ல வேலு. வெறும் மேகந்தான்."

வேலுவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நல்ல எடமாத்தான் பாத்து நின்னுருக்கேன்!"

'நானும் தனபாலும், ரெண்டே பேர், அந்த மலைக்குப் போனோம்' என்று இந்தப் பக்கத்தில் பல தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய புரூப் ரீடர், பிழையைத் திருத்திக்கொள்கிறேன்.

மூன்று பேர்.